சிப்பில் எழுதும் முன் இரண்டு முறை படியுங்கள்

மதர்போர்டின் பயாஸ் சிப்பில், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் இருக்கும் சிப்பில், புது ஃபர்ம்வேர் (அந்த நிரல்) ஏற்றப் போகிறீர்களா? முதலில் பழையதை முழுசாகப் படித்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த போர்டுக்கே உரிய மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்), சீரியல் எண் போன்றவை பெரும்பாலும் அதே சிப்பில்தான் இருக்கும். இணையத்தில் இறக்கும் கோப்பில் அவை கிடைக்காது.

சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஃபிளாஷ்ராம் மென்பொருளில் ஒருமுறை படித்ததோடு விடாதீர்கள். சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டி, இன்னொரு முறை படியுங்கள். இரண்டு கோப்புகளின் எஸ்எச்ஏ256 மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பதியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றாக இருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். தொடர்பே இல்லாதபோது கோப்பு முழுக்க எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1 ஆன பைட்) என்றே வரலாம், இரண்டு முறையும் அப்படியே வந்தால் மதிப்பு பொருந்தத்தானே செய்யும்! கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அளவையும் பாருங்கள்: 64 மெகாபிட் சிப் என்றால் சரியாக 83,88,608 பைட்.

அப்புறம் மின்னழுத்தம். சிப்பை யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் மலிவான சிஎச்341ஏ கருவிகள் சிலவற்றில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரால் அளந்த பிறகே மாட்டுங்கள். 1.8 வோல்ட் சிப் என்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். சிப்பின் மேல் உள்ள எண்ணை வைத்து டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாளில்) பார்த்தால் எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும்.