வணிகச் செயன்முறை வரிப்படம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு ஆய்வுக் காலம் வந்தால் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலிருந்து பிள்ளைகள் வரிப்படங்களோடு வருவார்கள். அரிசி ஆலையின் நெல் கொள்வனவு, கூட்டுறவுச் சங்கத்துக் கடன், பிரதேச செயலகத்து அனுமதிப்பத்திரம் என்று நம் ஊர் வேலைகளையே பிபிஎம்என் என்ற, வணிகச் செயன்முறைகளைப் படமாக்கும் குறியீட்டில் வரைந்திருப்பார்கள். பார்க்கவே சந்தோசமாக இருக்கும். ஆனால் இந்தத் துறைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் விட்ட அதே பிழைகள் இன்னும் அப்படியே வருகின்றன. கோணல் பெட்டி, எழுத்துப்பிழை, தலைப்பில்லாத படம் போன்றவற்றை மேற்பார்வையாளரே திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கிடைத்த குறியெல்லாம் போடுவது

பிபிஎம்என் 2.0 இல் நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள் உண்டு. அத்தனையும் தெரியும் என்று காட்ட வேண்டியதில்லை. மைக்கல் சூர் மியூலன், யான் ரெக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 120 வரிப்படங்களை ஆராய்ந்து 2008 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு படத்தில் சராசரியாகப் பத்து வகைக்கும் குறைவான குறிகளே பயன்பட்டிருந்தன. தொழில் செய்கிறவர்கள் அந்தச் சிறிய தொகுதியை வைத்துக்கொண்டுதான் வேலையை முடிக்கிறார்கள். உங்கள் படத்தில் இருபது வகை இருந்தால், ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

லேனுக்கு ஆளின் பெயர்

லேன் என்பது படத்தில் ஒருவர் செய்யும் பணிகளை அடக்கும் பட்டை. அதில் ஆளின் பெயரை அல்ல, பதவியை எழுதுங்கள்.

பிரித்த மாதிரிச் சேர்க்காதது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இந்தப் பிழைதான். இது காசைத் தின்னும் பிழை.

பிபிஎம்என் படத்தை வாசிக்க டோக்கன் என்ற ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். தொடக்க நிகழ்வில் ஒரு டோக்கன் பிறக்கிறது, அம்புக்குறி வழியே நகர்கிறது, அது வந்து சேரும் ஒவ்வொரு பணியும் ஒரு தடவை நடக்கிறது. கூட்டல் குறி போட்ட கேட்வேயில் (வழி பிரிவதையும் சேர்வதையும் காட்டும் சாய்சதுரத்தில்) பிரிந்தால் ஒரு டோக்கன் இரண்டாகிறது, இரண்டு கிளையும் ஒரே நேரத்தில் ஓடும். பெருக்கல் குறி போட்ட கேட்வேயில் பிரிந்தால் டோக்கன் ஒன்றுதான், அது ஏதோ ஒரு கிளையில் மட்டும் போகும். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். சேர்க்கும்போதுதான் கவனம் போய்விடுகிறது. கூட்டல் குறியில் சேர்த்தால், எல்லாக் கிளையிலிருந்தும் டோக்கன் வரும்வரை அது காத்திருக்கும். பெருக்கல் குறியில் சேர்த்தால் காத்திருக்காது, வருகிற ஒவ்வொன்றையும் அப்படியே கடந்துபோக விட்டுவிடும்.

அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெரும்போக அறுவடைக் காலம், வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கின்றன. லொறியின் நிறையைப் பார்த்த பிறகு இரண்டு வேலை ஒரே நேரத்தில் தொடங்கும். ஒருவர் நெல்லின் ஈரப்பதனைப் பார்ப்பார், 14 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கழிவு உண்டு. அலுவலகத்தில் இன்னொருவர், அந்த விவசாயி முன்கூட்டி வாங்கிய முற்பணம் எவ்வளவு என்று ஏட்டைப் பார்ப்பார். இரண்டும் முடிந்தபின் கொடுப்பனவு வவுச்சர். வரைந்தவர் கூட்டல் குறியில் சரியாகப் பிரித்திருந்தார். சேர்க்கும் இடத்தில் கேட்வே எதுவும் போடாமல், இரண்டு அம்புக்குறியையும் நேரே ‘வவுச்சர் தயாரி’ என்ற பெட்டிக்குள் விட்டிருந்தார்.

படத்தைப் பார்த்த முகாமையாளருக்கு அது சரியாகவே தெரிந்தது. நமக்கு வேலை தெரியும் என்பதால் ‘இரண்டும் முடிந்தபின்’ என்று மனம் தானாக வாசித்துக்கொள்ளும். பிபிஎம்என் விதி அப்படி இல்லை. ஒரு பணிக்குள் கேட்வே இல்லாமல் இரண்டு அம்புக்குறி வந்தால், டோக்கன் வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பணி நடக்கும். அந்தப் படத்தை வைத்து எழுதிய மென்பொருள் விதியை அப்படியே பின்பற்றியது. ஏடு பார்த்து முடிந்ததும் ஒரு வவுச்சர், ஈரப்பதன் பார்த்து முடிந்ததும் இன்னொரு வவுச்சர். முதலாவதில் ஈரக் கழிவு இல்லை, இரண்டாவதில் உண்டு. தொகை வேறுபட்டதால் காசாளருக்குச் சந்தேகமே வரவில்லை, அதே விவசாயியின் இரண்டாவது லொறி என்று நினைத்துவிட்டார். அறுவடை நாட்களில் ஒருவர் இரண்டு லொறி அனுப்புவது அங்கே புதினமும் இல்லை.

கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க வீடு வீடாகப் போனார்கள். வாங்கியவர்களில் பலர் அதற்குள் உரக்கடைக் கடனையும் அறுவடை இயந்திரக் கூலியையும் அடைத்துவிட்டிருந்தார்கள். ஏச்சு வாங்கியது மென்பொருள் எழுதிய தம்பி. படத்தில் இருந்ததைத்தான் அவர் எழுதினார். பிழை படத்தில் இருந்தது, அந்தப் படத்தில் மூன்று பேரின் கையொப்பமும் இருந்தது.

இதே பிழை மறுபக்கமாகவும் வரும். சிறிய தொகை என்றால் கையில் காசு, பெரிய தொகை என்றால் வங்கிக்கு என்று பெருக்கல் குறியில் பிரித்துவிட்டு, கடைசியில் கூட்டல் குறியில் சேர்ப்பார்கள். டோக்கன் ஒரு கிளையில்தான் போயிருக்கிறது. கூட்டல் குறியோ வராத மற்றதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கொடுப்பனவு முடிந்தும், அந்த லொறியின் கணக்கு திரையில் ‘நடைமுறையில்’ என்றே கிடக்கும்.

புதியவர்கள் மட்டும்தான் இதில் மாட்டுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். எஸ்ஏபி என்ற வணிக மென்பொருள் நிறுவனத்தின் முன்மாதிரித் தொகுதியில், ஈபிசி என்ற இன்னொரு செயன்முறைக் குறியீட்டில் வரைந்த 604 செயன்முறைகள் இருந்தன. யான் மென்ட்லிங்கும் கூட்டாளிகளும் அவற்றைக் கணினியால் சோதித்து 2006 இல் முடிவை வெளியிட்டபோது, குறைந்தது 34 இல் இத்தகைய தர்க்கப் பிழைகள் இருந்தன. அந்தச் சோதனைக்கான கணித அடிப்படை கார்ல் ஆடம் பெட்ரி 1962 இல் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. ஆகவே இலக்கிய மீளாய்வில், அதிலிருந்து வந்த பெட்ரி வலையைப் ‘பழைய குறியீடு’ என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள். உங்கள் படம் முட்டுப்படுமா, இரண்டு தரம் ஓடுமா என்று நிரூபிக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. மென்பொருள் வடிவமைப்புக்கான யூஎம்எல் 2 குறியீட்டின் செயற்பாட்டு வரிப்படத்தில் ஒரு செயலுக்குள் இரண்டு அம்புக்குறி வந்தால், அது இரண்டுக்கும் காத்திருக்கும். பிபிஎம்என் இல் காத்திருக்காது. இரண்டையும் பராமரிப்பது ஓஎம்ஜி என்ற ஒரே தர அமைப்புத்தான், அப்படியிருந்தும் ஒரே கோட்டுக்கு நேரெதிர் அர்த்தம். பல்கலைக்கழகத்தில் யூஎம்எல்லை முதலில் படித்தவர்கள் பிபிஎம்என் இல் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு குறியீடுகளையும் ஒப்பிட்டு ஆய்வு எழுதுகிறவர்கள் குறிகளின் எண்ணிக்கையை அட்டவணை போடுவதைக் காட்டிலும், இந்த ஒரு வேறுபாட்டை எடுத்து விளக்கினால் வாசிப்பவருக்குப் பிரயோசனம்.

நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான். படத்தை ஏ3 தாளில் அச்செடுங்கள், புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒன்றை வைத்து நகர்த்துங்கள். கூட்டல் குறியில் பிரியும்போது இன்னொன்றைச் சேருங்கள், சேரும் இடத்தில் இரண்டும் வந்தால்தான் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை நகர்த்துங்கள். முடிவில் ஒரு கொட்டைதான் மிஞ்ச வேண்டும், நடுவில் எதுவும் கிடக்கக் கூடாது. கணினியில்தான் செய்ய வேண்டும் என்றால், பிபிஎம்என்.ஐஓ குழுவின் திறந்த மூலக் கருவிக்கு டோக்கன் ஓட்டிக் காட்டும் செருகுநிரல் இருக்கிறது. இரண்டில் எதைச் செய்தாலும் சரி, செய்யாமல் கையொப்பம் வாங்காதீர்கள்.

வட்டம் போட்ட கேட்வே

ஒரு கிளையோ, சிலவோ, எல்லாமோ ஓடலாம் என்பது அதன் பொருள். மென்ட்லிங், ரையர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் செயன்முறை வரைபவர்களுக்கு 2010 இல் தந்த ஏழு வழிகாட்டிகளில் ஒன்று, இதைத் தவிருங்கள் என்பது. தவிருங்கள்.

கேட்வே தானே முடிவெடுக்கும் என்று நினைப்பது

சாதாரண தரத்தில் படித்த பாய்ச்சற் கோட்டுப்படத்தின் பழக்கம் இது. ‘ஈரம் கூடவா?’ என்று கேட்வேயில் எழுதிவிட்டு, ஈரத்தைப் பார்க்கும் பணியையே வரையாமல் விடுவார்கள். அதைப் பார்க்கும் ஆள், அதற்கு ஆகும் நேரம், பழுதாகிற கருவி எல்லாம் படத்திலிருந்து மறைந்துவிடும். பிறகு தாமதம் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? முதலில் பணி, அதன் பிறகு கேட்வே. கழிவு விதிகள் நீண்டு போனால் கேட்வேக்குப் பின் கேட்வே அடுக்காதீர்கள். முடிவு விதிகளுக்கென்றே டிஎம்என் என்ற தனிக் குறியீட்டை ஓஎம்ஜி 2015 இல் வெளியிட்டது. ஒரு அட்டவணையில் அடங்கும் விடயம்.

வங்கியை நம் லேனுக்குள் வைப்பது

விவசாயியும் வங்கியும் ஆலையின் சொல்லுக்கு நடப்பவர்கள் அல்லர். அவர்களுக்குத் தனித்தனிப் பூல் (ஒரு தரப்புக்கு உரிய பெரிய பெட்டி, லேன்கள் அதற்குள் அடங்கும்) வேண்டும். பூல்களுக்கு இடையே துண்டுக்கோட்டுச் செய்தி அம்புக்குறி மட்டும்தான் போகலாம், தொடர்ச்சிக் கோடு போகக் கூடாது. ஒரே பூலுக்குள் வைத்தால், வங்கி பதில் தராத நாளில் என்ன செய்வது என்ற கேள்வியே உங்களுக்குத் தோன்றாது.

மேசைக்காரரிடம் மட்டும் கேட்பது

முகாமையாளர் சொல்வது சுற்றறிக்கையில் உள்ள செயன்முறை. தராசடியில் நிற்பவர் செய்வது வேறு. நெல்லில் ஈரம் கூடுதலென்றால் லொறியை நிறுக்காமலே வெளியே அனுப்பி, காயப் போட்டுவிட்டு வரச் சொல்வார். அந்தத் திருப்பம் எந்தச் சுற்றறிக்கையிலும் இராது. அவரிடம் படத்தைக் காட்டித்தான் அதை எடுக்க முடியும். அதற்குப் பெட்டிகளில் தமிழ் இருக்க வேண்டும். பிபிஎம்என் தரம் வரையறுப்பது குறிகளின் வடிவத்தையும் பொருளையும்தான், பெட்டிக்குள் எந்த மொழி என்பதை அல்ல. அறிக்கைக்கு ஆங்கிலப் பிரதி தேவையென்றால் கடைசியில் ஒன்று செய்துகொள்ளலாம்.

பதிப்பு எண் சொல்லாதது

பிபிஎம்என் 1.2 பதிப்பைப் பற்றிய 2009 ஆம் ஆண்டுக் கட்டுரையின் விமர்சனத்தை எடுத்து 2.0 இன் தலையில் கட்டாதீர்கள். 2.0 வந்தது 2011 சனவரியில், ஐஎஸ்ஓ/ஐஈசி 19510 என்று சர்வதேசத் தரமானது 2013 இல். ஒரு கருவியில் வரைந்ததை இன்னொரு கருவியில் திறப்பதற்கான பொதுக் கோப்பு வடிவம் முந்தைய பதிப்புகளில் இருக்கவில்லை, 2.0 இல் இருக்கிறது.