பிள்ளை யாரிடம் எத்தனை நாள்? தாபரிப்பு வழக்குக்குக் கணக்கு வைப்பது எப்படி

பிரிந்த தாயும் தகப்பனும் பிள்ளையை மாறி மாறித்தான் பார்க்கிறார்கள், ஆனால் பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் காசு கேட்கும் தாபரிப்பு வழக்கு என்று வந்தவுடன் "பிள்ளை முழுக்க என்னிடம்தான்" என்பார் ஒருவர், "பாதி நாள் என் வீட்டில்தானே சாப்பிட்டுப் படுத்தது" என்பார் மற்றவர். கிளிநொச்சியில் தம்பியின் வழக்குக்கு அலைந்ததில் நான் தெரிந்துகொண்டது இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் "இரவுகளை எண்ணு" என்பார்கள். அங்கே சரி, பிள்ளை தங்கும் இரவுகளை வீதமாக்கித்தான் தொகை பார்க்கிறார்கள், 35 முதல் 65 வீதம் என்றால் பகிர்ந்த பராமரிப்பு. இங்கே இலங்கையில் அப்படி வாய்ப்பாடு கிடையாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில், பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்த்து நீதவான்தான் மாதத் தொகையைத் தீர்மானிக்கிறார். பிள்ளை உங்களிடம் நிற்கும் நாட்களின் செலவு அவர் கண்ணில் பட வேண்டுமென்றால் கையில் கடதாசி வேண்டும்.

சரி, ஒரு சீ.ஆர் கொப்பி வாங்குங்கள். பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, யார் கொண்டுவந்து விட்டது, காய்ச்சலா, ரியூசனுக்குப் போனதா, எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். வராத நாளையும் எழுத வேண்டும். தம்பி மூன்று மாதக் கணக்கை ஒரே இரவில், ஒரே பேனையால் எழுதி முடித்தான். எங்கள் சட்டத்தரணி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "போயா விடுமுறையன்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டீர்?" என்று கேட்டார். கொப்பி வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அடுத்து, கொப்பியில் எழுதியதை வேறு ஆளின் கடதாசியும் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பி, பாமசி பில், பள்ளி வான்காரரின் மாதத் துண்டு, வகுப்பாசிரியர் உங்களை அழைத்த கூட்டத்தின் கடிதம். பில்லின் மை நம்முடைய வெயிலில் ஒரு மாதத்தில் மறைந்துவிடும், அந்த வாரமே போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். பிள்ளைக்காக மற்றவருக்குக் கொடுக்கும் காசைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள். கிராம சேவகரின் கடிதத்தைப் பெரிதாக நம்பாதீர்கள், உங்கள் முகவரியை அவர் உறுதிப்படுத்துவார், பிள்ளை எந்த இரவு எங்கே படுத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரோ வான்காரரோ வந்து சாட்சி சொல்வது மேல்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், வேண்டிய வரியை மட்டும் வெட்டி எடுக்கவும் வேண்டாம். இலக்கமும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பழைய போனையும் பத்திரப்படுத்தி, விசாரணைக்கு நன்கு முன்பே சட்டத்தரணியிடம் காட்டுங்கள். இப்படியான பதிவுகளுக்கு எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளையைப் பேசவைத்து வீடியோ எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

அப்புறம் ஒரு நாட்காட்டியில் இரண்டு நிறத்தில் நாட்களைக் குறித்து, கடதாசிகளைத் திகதிப்படி அடுக்குங்கள். நீதிமன்ற வாசலில் சட்டத்தரணிக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான். அவருக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஏற்கெனவே கட்டளை இருந்து, இப்போது பிள்ளை உங்களிடம் கூடுதல் நாள் நிற்கிறதென்றால், நீங்களாகத் தொகையைக் குறைக்காதீர்கள். கட்டளையை மாற்றும்படி விண்ணப்பித்துவிட்டு, மாறும்வரை முழுத்தொகையையும் கட்டிக்கொண்டே இருங்கள். நிலுவை ஏறினால் மறியலுக்கும் போக நேரும், அங்கே போய் நாட்காட்டியைக் காட்டிப் பயனில்லை.