பழைய டவுன் சைக்கிள் வாங்கவும் விக்கவும்: பொள்ளாச்சி, பாலக்காடு பார்டர்காரங்களுக்கு

பழைய சைக்கிள்னா எல்லாரும் முதல்ல பாக்கறது பெயிண்டத்தான், பளபளன்னு இருந்துட்டா அப்பவே விலை பேச ஆரம்பிச்சுருவாங்க. ஆனா பெயிண்டு, சீட்டு, டயரு, செயினு, பிரேக் கட்டை இதெல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம்ங்க, காசு மட்டும்தான் செலவு. மாத்தவே முடியாதது ஃபிரேம், மாத்துனா கட்டுப்படி ஆகாதது ஃபோர்க்கும் (முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கற கவை) ரெண்டு ரிம்மும். இந்த மூணும் நல்லா இருந்தா மத்தது எல்லாம் விலையில கழிச்சுக்கற விஷயம், இந்த மூணுல ஒன்னு போயிருந்தாலும் சும்மா குடுத்தாக்கூட வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க.

நான் சொல்றது கூடை, கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் வச்சு வேலைக்கும் கடைக்கும் ஸ்கூலுக்கும் ஓட்டற டவுன் சைக்கிள். பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார்னு நம்ம பக்கம் ஸ்டேட் மாறினாலும் பெருசா ஏத்த இறக்கம் இல்லாத ரோடுதான், அதனால கியர் இல்லாத சைக்கிளே தாராளமாப் போதும்ங்கறது என் அபிப்பிராயம். பழைய சைக்கிள்ல சீப்பான கியர் செட் இருந்தா அதுக்குத்தான் பாதி ரிப்பேர் வரும்.

எப்ப வாங்கறதுன்னா மார்ச், ஏப்ரல்ல, பரீட்சை முடிஞ்சு பசங்க சைக்கிள் சும்மா நிக்கற நேரம். மே கடைசில ரெண்டு ஸ்டேட்லயும் ஸ்கூல் திறக்கப் போறாங்கன்னு எல்லாரும் ஒரே நேரத்துல தேடுவாங்க, விலை ஏறிரும், அப்ப விக்கறவங்களுக்குத்தான் லாபம். ஜூன்ல மழை புடிச்சுட்டா கேக்க ஆளு குறையும், ஆனா நனைஞ்ச சைக்கிள்ல துரு எது சேறு எதுன்னு தெரியாது, அதனால காயவச்சுத்தான் பாக்கணும்.

எங்க தேடறதுன்னா ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக், வாட்சப் குரூப் எல்லாத்துலயும் வரும், ஆனா எனக்குப் புடிச்சது தெரு முக்குல இருக்கற சைக்கிள் மெக்கானிக் கடை, ஏன்னா எந்த வீட்டு வண்டி எத்தனை தடவை ரிப்பேருக்கு வந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். "அண்ணா, யாராச்சும் குடுக்கறாங்களா, நீங்க பாத்த வண்டியா சொல்லுங்க"ன்னு கேட்டு வச்சா போதும். தமிழ்நாட்டுல பதினொன்னாவது பசங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கற ஃப்ரீ சைக்கிளும் நிறைய கைமாறுது, ஃபிரேம் உறுதியாத்தான் இருக்கும், ஆனா பையன்கிட்ட மட்டும் பேசி வாங்காதீங்க, வீட்டுல அப்பாவோ அம்மாவோ இருக்கும்போது பேசுங்க.

இப்ப ஃபிரேமைப் பாக்கற விதம். ஹேண்டில் பாருக்குக் கீழ ரெண்டு பைப்பு வந்து சேர்ற எடம் இருக்கில்ல, அந்தக் கீழ் பைப்போட அடிப்பக்கத்துல விரலை வச்சுத் தடவுங்க. பெயிண்டு சுருங்கின மாதிரி மடிப்பு தட்டுப்பட்டா எங்கயோ முன்னாடி போயி பலமா மோதின வண்டி, அதுக்கு மேல பாக்கவே தேவையில்ல. ஃபோர்க்கை பக்கவாட்டுல இருந்து பாருங்க, கீழ் முனை முன்பக்கமா வளைஞ்சு நிக்கணும், பின்னாடி தள்ளியிருந்தா அதுவும் மோதின அடையாளம்தான்.

அடுத்தது துரு, நம்ம பக்கம் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் ரெண்டும் கிடைக்கறதால இதுல பொறுமையாப் பாக்கணும். மேல தெரியற துரு பெரிய விஷயம் இல்லைங்க, ரிம்முலயும் ஹேண்டில்லயும் புள்ளி புள்ளியா இருக்கறது தேய்ச்சா போயிரும். உள்துருதான் ஆபத்து. சீட் கம்பி வழியா இறங்கற தண்ணி நேரா பெடல் அச்சு இருக்கற எடத்துல போயித் தேங்கும். அதனால சீட் போல்ட்டை லூஸ் பண்ணி சீட்டைத் திருப்பிப் பாருங்க, கொஞ்சமும் அசையலைன்னா கம்பி உள்ளயே துருப்புடிச்சு ஒட்டிருச்சுன்னு அர்த்தம், உங்க உயரத்துக்கு ஏத்தவோ இறக்கவோ முடியாது. கம்பி வெளிய வந்துச்சுன்னா சைக்கிளை தலைகீழாக் கவுத்துங்க, அந்தக் குழாய்ல இருந்து செம்மண் நிறத்துல தண்ணியோ தூளோ கொட்டினா உள்ள அரிச்சிருக்கு. கேரியர் மாட்டற எடம், பின் சக்கர நட்டுக்கு மேல இருக்கற ஜாயிண்டு, இங்க கட்டை விரலால அழுத்திப் பாருங்க, பெயிண்டு உப்பி இருந்தா உடையும்.

அப்பறம் ரெண்டு டயரையும் ஈரம் பண்ணி காஞ்ச சிமெண்ட் தரையில நேரா உருட்டுங்க, பின் டயர் தடம் முன் டயர் தடத்து மேலயே விழணும். ரெண்டு கோடா தள்ளித் தள்ளி விழுந்தா ஃபிரேம் முறுக்கியிருக்கு, இல்லைன்னா பின் சக்கரம் கோணையா மாட்டியிருக்கு, நட்டை லூஸ் பண்ணி சக்கரத்தை நேரா வச்சு மறுபடி உருட்டினா எதுன்னு தெரிஞ்சுரும்.

சக்கரத்தைச் சுத்திவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல கண்ணை வைங்க, லேசா ஆடினா கம்பியை முறுக்கி நேராக்கி கோட்டம் எடுத்துக்கலாம், ஒரு எடத்துல மட்டும் டக்குன்னு துள்ளினா குழியில விழுந்து நசுங்கின ரிம்மு, அதைச் சரி பண்ண முடியாது. போக்ஸ் கம்பியை ரெண்டு ரெண்டாப் புடிச்சு அமுக்கிப் பாருங்க, லூசா இருக்கறது எத்தனைன்னு எண்ணிக்கோங்க, விலை பேசறப்ப கழிக்கலாம். பெடல் மாட்டியிருக்கற கிராங்க் கம்பியைப் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, லொடலொடன்னா அச்சுக்குள்ள இருக்கற பேரிங் பார்ட்ஸ், அதாவது கப்பு, கோன், பால்ஸ் பாக்கணும், அது ஓவராயில் (எல்லாம் கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டு மாட்டறது) செலவோட முடிஞ்சுரும்.

செயின் தேஞ்சிருக்கான்னு கண்ணால பாத்தா தெரியாது, அளக்கணும். செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இன்ச். ஒரு பின்னோட நடுவுல டேப்பை வச்சா அதுல இருந்து 24வது பின்னு சரியா 12 இன்ச்ல நிக்கணும். 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தா செயின் மாத்தணும், 1/8 இன்ச் தள்ளிப் போயிருந்தா ஃப்ரீவீலும் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்) செயின் வீலும் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) சேர்ந்தே தேஞ்சிருக்கும், மூணையும் விலையில கழிங்க.

டயர் அளவு விஷயத்துல நிறைய பேரு ஏமாறுவாங்க. 26 இன்ச்னு சொன்னா ஒன்னுதான்னு நினைக்காதீங்க. லேடீஸ் சைக்கிள்ல வர்ற 26 × 1-3/8க்கு ரிம் அளவு 590 மில்லிமீட்டர், மலை சைக்கிள் மாதிரி வர்ற 26 × 1.95, 2.1 இதுக்கெல்லாம் 559. ஒன்னு ஒன்னுல ஏறவே ஏறாது. பழைய பெரிய பார் வண்டி 28 × 1-1/2, அது 635. டயர் ஓரத்துல எழுதியிருக்கறதை போட்டோ எடுத்து உங்க ஊர் கடையில கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. அட்லஸ் கம்பெனி 2020 ஜூன்ல கடைசி ஃபேக்டரியையும் மூடிட்டாங்க, அதனால அந்த வண்டியே வேண்டாம்னு சிலர் சொல்வாங்க, அது தேவையில்லாத பயம், சாதா வண்டி பார்ட்ஸ் எல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுதான்.

ஓட்டிப் பாக்கறப்ப ஒரு திசையில மட்டும் ஓட்டிட்டு வந்துராதீங்க. பாலக்காட்டுக் கணவாய்ல ஜூன், ஜூலைல மேக்க இருந்து அடிக்கற காத்துல கிழக்க பாத்துப் போனா எந்த வண்டியும் பறக்கும். திரும்பி எதிர்காத்துல மிதிங்க, செயின் தாவறது, பெடல் அச்சுல கடகடன்னு சத்தம் வர்றது எல்லாம் அப்பத்தான் வெளிய வரும்.

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது, அதனால திருட்டு வண்டி ஈசியா பார்டர் தாண்டி வந்துரும். ஃபிரேம் நம்பர் பெடல் அச்சுக்கு அடியிலயோ சீட்டுக்குக் கீழ இருக்கற பைப்லயோ அடிச்சிருக்கும், அது அரம் போட்டுத் தேய்ச்சிருந்தா அந்த எடத்தை விட்டுக் கிளம்பிருங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கற பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 317வது பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. பழைய பில்லு இருந்தா வாங்கிக்கோங்க, இல்லைன்னா ஒரு வெள்ளைப் பேப்பர்ல தேதி, ஃபிரேம் நம்பர், விலை, ரெண்டு பேரு பேரும் ஊரும் போன் நம்பரும் எழுதி கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வச்சுக்கோங்க. தமிழ்ல எழுதினாலும் மலையாளத்துல எழுதினாலும் சரி, நம்பர் மட்டும் தெளிவா இருக்கட்டும். டெம்போல ஏத்திட்டுப் போறப்ப யாராச்சும் நிறுத்திக் கேட்டாலும் இந்தப் பேப்பர்தான் பேசும்.

விலைக்கு வருவோம். பில்லுல இருக்கற பழைய விலையை வச்சுப் பேசாதீங்க, இன்னைக்கு அதே மாடல் கடையில என்ன விலைன்னு கேளுங்க, ஏன்னா 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆயிருச்சு. என் கணக்கு, நல்லா வச்சிருந்த வண்டின்னா புது விலையில பாதி, அதுல இருந்து டயர், செயின், ஓவராயில்னு மெக்கானிக் சொல்ற செலவைக் கழிச்சது. "சேட்டா, இது இது மாத்தணும், இவ்வளவு ஆகும், நீங்களே சொல்லுங்க"ன்னு கணக்கைக் காட்டிப் பேசினா முக்கால்வாசிப் பேரு இறங்கி வருவாங்க, சும்மா குறைங்க குறைங்கன்னா கோவந்தான் வரும்.

விக்கறவங்க புதுசா பெயிண்ட் அடிக்காதீங்க, தெரிஞ்சவங்களுக்கு உடனே சந்தேகம் வரும். தொடைச்சு, காத்தடிச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, வால்டியூப் (காத்தடிக்கற வால்வுல மாட்டற சின்ன ரப்பர்), பிரேக் கட்டை, பிரேக் வயர் மட்டும் புதுசு போடுங்க, செலவு கொஞ்சம்தான், ஓட்டிப் பாக்கறவருக்கு பிரேக் கப்புன்னு புடிச்சாலே நம்பிக்கை வந்துரும். போட்டோ செயின் பக்கத்துல இருந்து முழுசா ஒன்னு, டயர் எழுத்து ஒன்னு, துரு இருக்கற எடத்தையும் கட்டாயம் ஒன்னு. துருவை மறைச்சா அத்தனை தூரம் வந்தவரு பாத்துட்டுத் திரும்பிப் போவாரு, ரெண்டு பேருக்கும் ஒரு நாள் வீண். ஓட்டிப் பாக்கக் கேட்டா அவரு வந்த பைக் சாவியை வாங்கி வச்சுட்டுக் குடுங்க, இதுல சங்கடப்பட ஒன்னும் இல்ல.

நேர்ல வராமலே "பணம் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு யாராச்சும் சொன்னா, ராணுவத்துல இருக்கேன்னு ஐடி கார்டு போட்டோவே அனுப்பினாலும், போனை வச்சுருங்க. நமக்குப் பணம் வர்றதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்ல, பின் நம்பர் கேட்டா நம்ம பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம். நேர்ல வந்தவரு ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் உங்க பேங்க் ஆப்ல பணம் ஏறியிருக்கான்னு பாத்துட்டு, அதுக்கப்பறம் பூட்டோட ரெண்டு சாவியையும் குடுங்க.

வாங்கினவங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ரெண்டு சக்கர நட்டு, ஹேண்டில் போல்ட்டு, பெடல் மூணையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிக்கோங்க. அந்த வாரத்துக்குள்ள ஓவராயிலுக்கு விட்டுருங்க, அப்பவே சீட் கம்பியைக் கழட்டி கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்க.