ஆன்லைன் வகுப்பில் கேட்காமல் போன இதய முணுமுணுப்பு

மதுரையிலிருந்து எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஆன்லைனில் இதய ஒலி பாடம் எடுக்கிறேன். லப்-டப் எல்லாருக்கும் கேட்டது. மைட்ரல் ஸ்டெனோசிஸின் (இதயத்தின் மைட்ரல் வால்வு குறுகிப்போகும் நோய்) முணுமுணுப்பு, அதாவது அந்த வால்வு வழியே ரத்தம் பாயும்போது எழும் கூடுதல் ஒலி மட்டும் கேட்கவில்லை. நெட், மைக், பதிவு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். ம்ஹூம்.

விநோதம் என்னவென்றால், அதே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் உசிலம்பட்டிப் பையனுக்குக் கேட்டது, திருமங்கலத்து மாணவிக்குக் கேட்கவில்லை. அவனிடம் இயர்போன், அவளுக்கு போன் ஸ்பீக்கர்தான். இந்த முணுமுணுப்பு தாழ்ந்த சுருதி. ஸ்டெதாஸ்கோப்பிலேயே பெல் பக்கத்தை (மணி போலக் குழிந்த சிறிய பக்கம்) வைத்துத்தான் பிடிக்க வேண்டும். குட்டி ஸ்பீக்கருக்கு எட்டாது.

அது பாதிதான். மீதி, வகுப்பு நடத்தும் செயலியின் இரைச்சல் நீக்கம்: ஃபேன் சத்தத்தோடு இதையும் வடிகட்டிவிடுகிறது. அதை அணைத்தேன், திரை பகிரும்போது கணினி ஒலியையும் சேர்த்தேன், எல்லாரையும் இயர்போன் மாட்டச் சொன்னேன். “சார், இப்ப உறுமுது!” அப்பாடா. சாதாரண ஒயர் இயர்போனே போதும்.