இஞ்சியைத் தேடிப் போகும் வழியில் வழுக்கும் இடங்கள்

இத்தாலியில் இஞ்சிக்குப் பெயர் ஸென்ஸெரோ. இதைக் கேட்டதும் ‘நம் இஞ்சிவேர்தானே’ என்று ஒரே தாவலில் சொல்லிவிடுகிறோம். போய்ச் சேர்ந்த இடம் ஏறக்குறைய சரிதான். போன விதம்தான் தவறு.

இன்றைய வடிவத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது முதல் சறுக்கல். ஸென்ஸெரோவில் ‘வேர்’ எங்கே இருக்கிறது? ஸென்ஸெவெரோ என்ற பழைய இத்தாலிய வடிவத்தைப் பார்த்தால்தான் அது தலைகாட்டும். அதற்கும் முன்னால் லத்தீனில் ஸிங்கிபெர், கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், பாலி மொழியில் சிங்கிவேர. படி தாண்டினால் விழுவோம்.

அடுத்தது இன்னும் வழுக்கும். சமஸ்கிருதத்தில் இஞ்சி ‘சிருங்கவேர’. சிருங்கம் என்றால் கொம்பு, வேர என்றால் உடல். கொம்பு போன்ற உடல் கொண்டது என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நாமும் மஞ்சள் கொம்பு என்கிறோமே! ஆனால் பொருள் பொருந்துவது ஆதாரம் ஆகாது. வெளியிலிருந்து வந்த சொல்லுக்குத் தெரிந்த அர்த்தத்தை மாட்டிவிடுவது எல்லா மொழிகளுக்கும் உள்ள பழக்கம். நாரங் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து அரபி வழியாக வந்த ஆரஞ்சை, தங்கத்தைக் குறிக்கும் ‘அவுரும்’ என்ற சொல்லோடு சேர்த்து ‘அவுராந்தியம்’ ஆக்கியது இடைக்கால லத்தீன்.

அப்படியானால் ஸென்ஸெரோ தமிழ்ச் சொல் என்று மார்தட்டலாமா? அதுவும் அவசரம்தான். சிங்கிவேரவின் முதலில் சகரம் இருக்கிறது, இஞ்சியில் இல்லை. சிறகு இறகாவதைப் போல, தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் வரும் சகரம் உதிர்வதுண்டு. அது உதிராத பழைய திராவிட வடிவம் ஒன்றே வடக்கே போயிருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். நம் இஞ்சி அந்தச் சொல்லுக்குத் தாயல்ல, உறவுக்காரி.

சரக்கு கைமாறிய இடத்தை விளைந்த இடமாக எண்ணுவதும் உண்டு. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினியே இஞ்சியை அரேபியப் பயிர் என்று எழுதிவைத்தார்.

கடைசியாக, ஒலி ஒற்றுமை. சுமார் 1340இல் பெகொலொத்தி என்ற பிளாரன்ஸ் வணிகர் எழுதிய கையேட்டில் ‘கொலொம்பினோ’ என்று ஓர் இஞ்சி வகை வருகிறது. இத்தாலியனில் ‘கொலொம்பா’ என்றால் புறா. புறாவின் நிறமோ, புறாவின் தீனியோ என்று யோசிக்கத் தோன்றும். அது கொல்லத்திலிருந்து கப்பலேறிய இஞ்சி.