வீட்டுப் பட்டறைக்கு எந்த வரைபட மென்பொருள்? ஒரு புல்லி வரைந்து பாருங்கள்

எங்கள் கார் ஷெட்டில் கார் கிடையாது. ஒரு சின்ன லேத்தும், அலுமினியம் வெட்டுகிற, கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஒரு சிஎன்சி ரவுட்டரும்தான். கோயம்புத்தூரில் இது பெரிய அதிசயமில்லை. "வரையறதுக்கு எந்த சாஃப்ட்வேர் போடறதுங்க?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: வரைந்ததைப் படிக்கப்போவது ஆளா, மெஷினா?

கையால் ஓட்டுகிற லேத் மட்டும் என்றால், படிக்கப்போவது நீங்கள்தான். அளவு போட்ட ஒரு தாள் போதும். லிப்ரேகேட் இலவசம், இரு பரிமாணம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். முப்பரிமாண ஆசையில் மாதக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டு ஒரு புஷ்கூடக் கடையாதவர்கள் உண்டு. நானும் அப்படி இருந்தவன்தான்.

ரவுட்டர் என்றால் கதை வேறு. முதலில் மெஷினை ஓட்டுகிற கன்ட்ரோலரின் பெயரைப் பாருங்கள்: ஜிஆர்பிஎல்லா, மாக் 3-ஆ, லினக்ஸ்சிஎன்சியா? வரைந்ததை அதற்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருகிற போஸ்ட் புராசஸர் இல்லாத மென்பொருள் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முப்பரிமாணத்தில் ஃப்யூஷன் பழக எளிது. ஆனால் இலவச உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 ஃபைல்களைத்தான் திருத்த முடியும். டூல் காற்றில் நகரும்போதும் வெட்டும் வேகத்திலேயே ஊரும். டூலைத் தானாக மாற்றவும் விடாது. ஒரே டூலில் முடிகிற வேலைக்கு இதெல்லாம் பெரிதாக உறைக்காது. ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும்; இலவசக் கணக்கில் வரைவது எல்லாம் ஊர் பார்க்கக் கிடக்கும். காசுக்கு வேலை எடுப்பவர்கள் யோசிக்கவும்.

நான் ஃப்ரீகேடில் இருக்கிறேன். முன்பு ஒரு முகத்தைத் திருத்தினால் பின்னால் போட்ட துளைகள் எல்லாம் இடம் மாறிக் குழம்பும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு சரிசெய்தது. முரட்டுக் குதிரைதான், ஆனால் ஃபைல் என் டிஸ்கில் இருக்கிறது.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை வையுங்கள். வெட் கிரைண்டர் புல்லி ஒன்றை வரையுங்கள். வி வடிவ ஏ-பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர். சின்ன புல்லியில் பள்ளத்தின் கோணம் 34 டிகிரி. பெல்ட் வளையும்போது அதன் பக்கங்கள் பிதுங்குவதால் பெல்ட்டின் 40 டிகிரியைவிடக் குறைவு. பாதி வெட்டுமுகத்தை மட்டும் வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றுங்கள். புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டுகிற கீ உட்காரும் பள்ளம், அதாவது கீவேயும் போடுங்கள். அப்புறம் ஷாஃப்ட் துளையை 16-இலிருந்து 19 ஆக மாற்றுங்கள். கீவே தானாகத் தள்ளிப்போய் நின்றால் சரி. அந்தரத்தில் தொங்கினால், நீங்கள் வரைந்த விதமோ மென்பொருளோ, ஏதோ ஒன்று மாற வேண்டும்.

இன்னொன்று, யூனிட். ஒருமுறை 80 மில்லிமீட்டர் தட்டுக்கு டிஎக்ஸ்எஃப் என்ற வகை வரைபட ஃபைலை லேசர் கட்டிங்குக்கு அனுப்பினேன். போன் வந்தது. "அண்ணா, தட்டு ரெண்டு மீட்டருக்கு மேல வருதுங்களே, கிரைண்டருக்குத்தானுங்களா?" நான் சேமித்த பழைய வகை டிஎக்ஸ்எஃபில் யூனிட்டே பதிவாகாது, அங்கே அதை இஞ்சாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள், 25.4 மடங்கு. அந்தப் பையன் கேட்டதால் தகடு தப்பியது. இப்போதெல்லாம் ஃபைலோடு "வெளி விட்டம் 80 மிமீ" என்று வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு வரி போட்டுவிடுகிறேன்.