ஆக்டின் ஸ்டெயினிங்: சாயத்தைத் திட்டுவதற்கு முன்

செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் புரத இழைகள் கோடு கோடாகத் தெரியவேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு மூட்டம். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்ததும் 'ஃபலாய்டின் கெட்டுப்போச்சு' என்று, அந்த இழைகளை ஒளிரவைக்கும் சாயத்தைச் சொல்லிவிடுவோம். புதுச்சேரிக்கு ஆய்வு செய்ய வந்த முதல் வருடம் நானும் அதைத்தான் சொன்னேன். சாயம் நன்றாகவே இருந்தது. செல்களை ஃபிக்ஸ் செய்யும்போதே, அதாவது இருந்த நிலையிலேயே ரசாயனத்தால் நிலைநிறுத்தும்போதே, நான் கெடுத்திருந்தேன்.

மைக்ரோடியூபூல் என்ற வேறு வகை இழையை ஆன்டிபாடியால் காட்டிப் பழகிய கை, ஃபிக்ஸ் செய்யத் தானாக மெத்தனாலை எடுத்துவிட்டது. ஆனால் ஃபலாய்டின் ஆன்டிபாடி அல்ல. அமானிட்டா ஃபலாய்டிஸ் என்ற நச்சுக்காளானில் கிடைக்கும் ஏழு அமினோ அமில வளையம் அது. (கையுறை போடுங்கள், விஷம் விஷம்தான்.) கோத்து நிற்கும் ஆக்டின் இழையில் மட்டுமே ஒட்டும், உதிரி ஆக்டினைச் சீண்டாது. மெத்தனாலோ அந்த இழையின் உருவத்தையே குலைத்துவிடும். அப்புறம் எங்கே ஒட்டுவது? 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். சாதாரண ஃபார்மலின் பாட்டிலிலும் மெத்தனால் கலந்திருக்கும் என்பதால், பொடியைக் கரைத்துக்கொள்வதே நல்லது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரை (செல்லைக் கழுவும் உப்புக் கரைசலை), 37 டிகிரியில் வளர்ந்த செல்மீது அப்படியே ஊற்றுவதும் வழக்கமான தவறு. செல் சுருங்கிக்கொள்ளும். வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள்.

செல் சவ்வில் துளையிடும் ட்ரைட்டன் என்ற சோப்பை மறந்தால் சாயம் உள்ளேயே போகாது. 0.1 சதவீதம், ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. வெளியே கடற்காற்றில் சட்டை ஒட்டும், ஆனால் ஏ.சி. அறைக்குள் காற்று வறண்டிருக்கும். கவர்ஸ்லிப்பின் அடியில் இருக்கும் ஒரு சொட்டுச் சாயம் அரை மணியில் ஓரம் காய்ந்து, விளிம்பில் மட்டும் பளீரென்று தெரியும். ஈர டிஷ்யூ வைத்த மூடிய டப்பாவில், இருட்டில் வையுங்கள்.

ஸ்டெயின் செய்த ஸ்லைடை ஒருமுறை தீபாவளி விடுமுறைக்கு விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வெளிச்சம் பாதிகூட இல்லை. ஃபலாய்டின் நிலையாகப் பிணையாது, மெல்ல விட்டுப்போகும். அன்றே, இல்லாவிட்டால் மறுநாளே படம் எடுங்கள்.

படம் எடுக்கும்போது ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கொடுக்காமல் விட்ட செல்லுக்கு) வைத்த அதே அளவை எல்லா ஸ்லைடுக்கும் வையுங்கள். ஆட்டோவில் விட்டால், லாட்ரன்குலின் கொடுத்து இழைகளைக் கலைத்த செல்லும் கன்ட்ரோலைப் போலவே பளபளக்கும்.